மணிக்கொரு ரிப்போர்ட்: கல்குளம் தாலுகாவில் ஒரு ‘டிஜிட்டல் கைது’, நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் 67 வயதான ஓய்வுபெற்ற செவிலியர். குமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஓர் ஊரில் தனியாக வசிக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில ஆண்டுகள் வளைகுடாவில் இருந்தார். அப்புறம் ஓய்வு பெறும்வரை இங்கேயே அரசு மருத்துவமனைகளில் பணி. கணவர் காலமாகிவிட்டார். மகன் மஸ்கட்டில், மகள் பெங்களூருவில். ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் நர்ஸக்காதான். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நாகர்கோவிலில் உளவியல் ஆலோசகராக இருக்கும் என்னிடம் அவரை அழைத்து வந்தது மகள். “அம்மா சரியாத் தூங்குறதில்ல. ஃபோன் அடிச்சாலே கை நடுங்குது” என்றார். பணம் போன கதையை மகள் சொல்லத் தொடங்கியதும் நர்ஸக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பிப் பார்க்காமலே ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “இவ்வளவு படிச்சும் எப்படி ஏமாந்தீங்கன்னு மட்டும் கேக்காதீங்க.”

எல்லோரும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். மகன் கேட்டார், வங்கியில் கேட்டார்கள், உறவுக்காரர்கள் கேட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே படிப்பறிவில் முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் இது. கிட்டத்தட்ட 92 சதவீதம். அதனால் இங்கே அந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கிறது. ஏமாந்தவரின் படிப்பிலும் குணத்திலும் எங்கோ ஓட்டை இருந்திருக்க வேண்டும் என்று அந்தக் கேள்வி முடிவு கட்டிவிடுகிறது. அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது பற்றி உளவியலில் 60 ஆண்டுகளுக்கு மேலாக நடந்திருக்கும் ஆய்வுகள் வேறு இடத்தைக் காட்டுகின்றன. ஆளைச் சுற்றி யார் இருந்தார்கள், யார் இல்லாமல் போனார்கள் என்பதை அவை பார்க்கச் சொல்கின்றன. நர்ஸக்காவின் மூன்று நாட்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

நடந்தது

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஃபோன் வந்தது. தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன், அவருடைய ஆதாரை வைத்து மும்பையில் ஒரு சிம் கார்டு வாங்கப்பட்டிருப்பதாகவும், அந்த எண்ணின் மேல் பல புகார்கள் இருப்பதாகவும் சொன்னான். அது நான் வாங்கியதில்லை என்றார் நர்ஸக்கா. அப்படியென்றால் மும்பை போலீஸிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், லைனை மாற்றித் தருகிறேன் என்றான். சிறிது நேரத்தில் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு. காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி, சுவரில் காவல்துறைச் சின்னம், இடையிடையே வயர்லெஸ் சத்தம். வளைகுடாவில் பழகிய இந்தி நர்ஸக்காவுக்கு நன்றாகவே தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் அழைப்பு அங்கேயே முடிந்திருக்கும்.

முதலில் பேசியவன் அதட்டினான். நர்ஸக்கா பணியவில்லை. “பிரசவ வார்டுல ராத்திரி பகலா நின்னவ நான், என்கிட்ட சத்தம் போடாதீங்க” என்று திருப்பிச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் ‘மேலதிகாரி’ வந்தான். கண்ணாடி போட்டவன், மெதுவாகப் பேசுபவன். கீழே இருப்பவனைக் கடிந்துகொண்டான். “அம்மா, உங்கள் பெயரில் கணக்கு தொடங்கி யாரோ கறுப்புப் பணத்தை மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் நிரபராதி என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் கோப்பில் நிரூபிக்க நீங்கள் ஒத்துழைக்க வேண்டும்” என்றான். விசாரணை ரகசியமானது, பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள், கேமரா அணையக் கூடாது, மணிக்கொரு தடவை வாட்ஸ்அப்பில் ‘ரிப்போர்ட்’ செய்ய வேண்டும். இதற்கு அவன் வைத்த பெயர் ‘டிஜிட்டல் கைது’.

நர்ஸக்காவுக்கு வார்டில் கேஸ் ஷீட் எழுதிய பழக்கம் இன்னும் விடவில்லை. சமையலறையில் பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை நான் பார்த்தேன்.

“11.00 வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னேன். 12.00 சொன்னேன். 1.00 சாப்பிட அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். 1.20 சாப்பிட்டாயிற்று என்று சொன்னேன்.” அப்படியே போகிறது. சாயங்காலம் பிரஷர் மாத்திரை போட அனுமதி. குளியலறைக்குப் போக அனுமதி. ராத்திரி ஃபோனைக் கட்டிலுக்கு எதிரே ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்து வைத்து, லைட்டை அணைக்காமல் படுத்திருக்கிறார். நள்ளிரவுக்கு அப்புறம் கையெழுத்து கோணலாகிறது. “2.00 சொன்னேன். 3.00 சொன்னேன். 4.00 தூங்கிவிட்டேன். 4.35 மன்னிப்பு கேட்டேன்.”

அந்தக் கடைசி வரியை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. எத்தனையோ இராத்திரிகள் மற்றவர்களுக்காகக் கண்விழித்த ஒரு மனுஷி, தன் வீட்டுக் கட்டிலில் கண்ணயர்ந்ததற்காக முன்பின் தெரியாத ஒருவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

புதன்கிழமை அவருடைய சேமிப்பை ‘ரிசர்வ் வங்கி சரிபார்க்க வேண்டும்’ என்றார்கள். சரிபார்த்ததும் பணம் திரும்பி வந்துவிடும் என்று முத்திரை குத்திய ஒரு கடிதத்தையும் அனுப்பினார்கள். ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போனார். கைப்பையில் ஃபோன், லைன் துண்டிக்கப்படாமல். கவுன்ட்டரில் யாராவது கேட்டால் மகளுக்கு இடம் வாங்க என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். கேட்டார்கள், சொன்னார். வைப்புத் தொகை ஒன்றை முறித்து, ஆறரை லட்சம் ரூபாயை ஆர்டிஜிஎஸ் மூலம் அவர்கள் கொடுத்த கணக்குக்கு அனுப்பினார். வியாழக்கிழமை நகையை அடகு வைக்கச் சொன்னார்கள்.

15 வோல்ட்டிலிருந்து

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகள் பலரும் கேள்விப்பட்டவைதான். யூத இன அழிப்பில் பங்கெடுத்த நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணை ஜெருசலேமில் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்பதுதான் ஐக்மனின் வாதம். சாதாரண மனிதர்கள் உத்தரவுக்காக எதுவரை போவார்கள் என்று பார்க்க மில்கிராம் ஓர் ஏற்பாடு செய்தார். சோதனைக்கு வந்தவர் ‘ஆசிரியர்’. பக்கத்து அறையில் இருப்பவர் ‘மாணவர்’. மாணவர் தவறான பதில் சொன்னால் ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி, ஒவ்வொரு தவறுக்கும் 15 வோல்ட் கூட்டி, 30-வது பொத்தானில் 450 வரை. ஷாக் நிஜமில்லை, மாணவர் நடிக்கிறார் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. 1963-இல் வெளியான முதல் கட்டுரையின்படி, 40 ஆண்களில் 26 பேர் கடைசிப் பொத்தான் வரை போனார்கள். வியர்த்தார்கள், கைநடுங்கினார்கள், நிறுத்தலாமா என்று கேட்டார்கள். ஆனாலும் போனார்கள்.

அந்த 65 சதவீதத்தோடு பேச்சை முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மனிதன் அடிப்படையில் அடிமை என்கிற மாதிரி ஒரு முடிவையும் ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியான வாசிப்பாகத் தெரியவில்லை. மில்கிராம் ஒரே ஒரு சோதனை செய்யவில்லை. அறையின் ஏற்பாட்டை மாற்றி மாற்றிப் பல வகைகளில் செய்தார். ஏற்பாடு மாறினால் எண்ணும் தலைகீழாக மாறியது. மாணவரின் கையைத் தானே பிடித்து ஷாக் தகட்டில் அழுத்த வேண்டும் என்றபோது கடைசிவரை போனவர்கள் 30 சதவீதம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு சக ‘ஆசிரியர்கள்’ நடுவில் எழுந்து மறுத்தபோது 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். இரண்டு ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசியபோது ஒருவர்கூடப் போகவில்லை. எல்லாம் அதே ஊர்க்காரர்கள், அதே பொத்தான்கள்.

நர்ஸக்காவின் நோட்டில் அந்த 15 வோல்ட் படிகளை வரிசையாகப் பார்க்க முடிகிறது. வாசல் கதவைப் பூட்டுங்கள். ஜன்னல் திரையை இழுத்து விடுங்கள். ஆதார் அட்டையைக் காட்டுங்கள். பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? எந்த வங்கி? எவ்வளவு இருக்கும்? முதல் அழைப்பிலேயே ஆறரை லட்சம் அனுப்பு என்று கேட்டிருந்தால் ஃபோனை வைத்திருப்பார். அவரே அப்படித்தான் சொல்கிறார். ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடக் கொஞ்சமே பெரிது. இதற்குச் சம்மதித்தாயிற்று, அதற்கு ஏன் மறுக்க வேண்டும் என்று தோன்றும். இந்தப் படியில் மறுத்தால், இதுவரை ஏறி வந்ததெல்லாம் தப்பு என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். அந்த மனச்சுமை படிக்குப் படி கூடிக்கொண்டே போகிறது.

சாப்பிடுவதற்கும் குளிப்பதற்கும் அனுமதி கேட்க வைப்பதில் பணம் எதுவும் கிடைக்காது. ஆனால் வேலையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. தன் வீட்டில் சோறு போட்டுச் சாப்பிட இன்னொருவனிடம் அனுமதி கேட்கத் தொடங்கியவர், வைப்புத் தொகையை முறிப்பதற்கு முன்பே தன் முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டார். மில்கிராம் இதை ஒரு மனநிலையாக விளக்கினார்: என் செயலுக்கு நான் பொறுப்பாளி என்கிற உணர்வு விலகி, அவருடைய வேலையை நிறைவேற்றும் கருவி நான் என்கிற நிலைக்கு ஆள் மாறிவிடுகிறார் என்று.

ஃபோனில் எப்படி?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மில்கிராமின் ஒரு வகைச் சோதனையில் ஆய்வாளர் அறையை விட்டு வெளியே போய், ஃபோனில் உத்தரவு கொடுத்தார். கடைசிவரை போனவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். சிலர், கூட்டிக் கொடுத்தேன் என்று ஃபோனில் சொல்லிவிட்டுக் குறைந்த ஷாக்கே கொடுத்தார்கள். எதிரில் ஆள் இல்லையென்றால் அதிகாரத்தின் பிடி தளர்கிறது. அப்படியிருக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதாகச் சொன்ன ஒருவன் ஒரு ஃபோனை வைத்து மூன்று நாள் எப்படிப் பிடித்து வைத்தான்?

அவர்கள் கேட்டது வீடியோ என்பதில் பாதி விடை இருக்கிறது. கேமராவை அணைக்கக் கூடாது என்ற நிபந்தனை, இல்லாத ஆய்வாளரை அறைக்குள் மறுபடி கொண்டுவந்து உட்கார வைக்கிறது. ‘கொடுத்தேன்’ என்று பொய் சொல்லித் தப்பிக்கும் வழியும் அடைபடுகிறது. காக்கிச் சட்டையின் வேலையும் சின்னதல்ல. லியனார்ட் பிக்மன் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் தெருவில் போகிறவர்களிடம் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் சில்லறை உத்தரவுகள் போட்டார். சாதாரண உடையிலும் பால்காரர் உடையிலும் சொன்னபோது கேட்டவர்களைவிட, காவலாளி சீருடையில் சொன்னபோது கேட்டவர்கள் கணிசமாக அதிகம். அந்தக் குப்பையைப் பொறுக்கு என்று சொல்ல ஒரு காவலாளிக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனாலும் பொறுக்கினார்கள்.

மீதிப் பாதி விடை அந்த மெல்லிய குரலில் இருக்கிறது. நர்ஸக்கா பயத்தில் செய்துவிட்டார் என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். பயம் இருந்தது. ஆனால் அதட்டியவனை அவர் எதிர்த்துப் பேசினார். ஒத்துழையுங்கள் அம்மா என்றவனுக்குத்தான் கீழ்ப்படிந்தார். மில்கிராமின் ஆய்வாளர், தயங்கியவர்களிடம் நான்கு வாக்கியங்களை வரிசையாகச் சொல்வார். தயவுசெய்து தொடருங்கள், நீங்கள் தொடர வேண்டும் என்று இந்தச் சோதனை கேட்கிறது, நீங்கள் தொடர்வது மிக அவசியம், உங்களுக்கு வேறு வழியே இல்லை, தொடர்ந்தாக வேண்டும். ஜெர்ரி பர்கர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்தி, பாதுகாப்பான முறையில் திரும்பச் செய்தார். 150 வோல்ட்டைத் தாண்டவும் 70 சதவீதம் பேர் தயாராக இருந்தார்கள். ஆனால் நான்காவது வாக்கியம்வரை போக வேண்டி வந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்ட பிறகு தொடரவில்லை. அது ஒன்றுதான் அப்பட்டமான கட்டளை. வேறு வழி இல்லை என்றதும் மனிதர்கள் முறைத்துக்கொண்டார்கள். உளவியலாளர்கள் அலெக்ஸ் ஹாஸ்லமும் ஸ்டீபன் ரெய்ச்சரும் இதிலிருந்து மில்கிராமின் விளக்கத்தைத் திருத்துகிறார்கள். ஆள் கருவியாக மாறிவிடுவதில்லை. ஏதோ ஒரு நல்ல காரியத்தில் பங்கெடுக்கிறோம் என்று நம்பித்தான் ஒத்துழைக்கிறார் என்பது அவர்கள் கட்சி.

மில்கிராமின் பதிவுகளை ஆராய்ந்த ஜீனா பெர்ரி, பங்கேற்றவர்கள் பலருக்கு ஷாக் உண்மையா என்ற சந்தேகம் இருந்ததையும், ஆய்வாளர் அந்த நான்கு வாக்கியங்களைத் தாண்டியும் வற்புறுத்தியதையும் காட்டியிருக்கிறார். ஆகவே 65 என்கிற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏற்பாடு மாறும்போது கீழ்ப்படிதல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நர்ஸக்காவிடம் கேட்டபோது, “அந்தச் சாருக்கு உதவி செய்யுறோம்னுதான் நெனச்சேன். உண்மையான குத்தவாளியப் பிடிப்பாங்கன்னு” என்றார். அடிமைப் புத்தி என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டத்தின் மேல் மரியாதை வைத்திருந்த ஒரு குடிமகளின் நல்ல குணத்தையே கைப்பிடியாக வைத்து இழுத்திருக்கிறார்கள்.

வார்டில் மறுத்தவர்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. நர்ஸக்கா தன் பணிக்காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிந்தவர் இல்லை. ஒருமுறை இரவுப் பணியில், ஃபோனில் ஒரு மருத்துவர் சொன்ன மருந்தின் அளவு கூடுதலாகப் பட்டிருக்கிறது. பக்கத்திலிருந்த இன்னொரு நர்ஸையும் ரிசீவரில் கேட்க வைத்து, அளவைத் திருப்பிச் சொல்லி, “டாக்டர், நீங்க வந்து கேஸ் ஷீட்ல கையெழுத்துப் போட்டாத்தான் கொடுப்பேன்” என்றிருக்கிறார். மருத்துவர் கோபத்தோடு வந்தார். ஷீட்டைப் பார்த்துவிட்டு அளவைக் குறைத்தார். ஃபோனில் வந்த அதிகாரத்தை மறுத்த அதே பெண்தான் இவரும்.

செவிலியர்களை வைத்தே இரண்டு ஆய்வுகள் உண்டு. 1966-இல் சார்லஸ் ஹோஃப்ளிங் குழுவினர் வெளியிட்டது முதலாவது. முன்பின் தெரியாத ‘டாக்டர்’ ஒருவர் வார்டுக்கு ஃபோன் செய்து, அஸ்ட்ரோட்டென் என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்வார். ஒரு நாளில் 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று லேபிளிலேயே எழுதியிருந்தது. ஃபோன் உத்தரவில் மருந்து கொடுப்பது விதிக்கும் புறம்பு. ஆனாலும் தனியாகப் பணியில் இருந்த 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியிடம் போகத் தயாரானார்கள். ஆய்வுக் குழு தடுத்து நிறுத்தியது. 1977-இல் ராங்க், ஜேக்கப்சன் என்ற இருவர் இதைச் சற்று மாற்றிச் செய்தார்கள். இந்த முறை நர்ஸ்களுக்குப் பழக்கமான மருந்து, வாலியம். மற்ற நர்ஸ்களோடு பேசிக்கொள்ளவும் முடிந்தது. 18 பேரில் 16 பேர் கொடுக்க மறுத்தார்கள்.

நர்ஸக்கா தன் வாழ்க்கையில் இந்த இரண்டு ஆய்வுகளுக்குள்ளும் இருந்து பார்த்திருக்கிறார். வார்டில் அவருக்குப் பழக்கமான மருந்து, எழுதப்பட்ட விதி, கூடவே காதுகொடுத்த இன்னொரு நர்ஸ். வீட்டில் பழக்கமில்லாத சட்டம், யாரிடமும் சொல்லக் கூடாது என்ற உத்தரவு, நான்கு சுவர். நம் மாவட்டத்தில் இப்போது இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூருவிலோ. பெரிய வீடு, உயரமான காம்பவுண்டு, பூட்டிய கிரில் கேட், உள்ளே ஒற்றை ஆள்.

இந்த மண் அதிகாரத்துக்கு எளிதில் தலையாட்டிய மண்ணும் இல்லை. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல்லாண்டுகள் போராடி, 1859-இல் திருவிதாங்கூர் அரசை அறிக்கை வெளியிட வைத்த இடம். தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று 1954 ஆகஸ்ட் 11 அன்று வீதிக்கு வந்து, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்த இடம். 1956 நவம்பர் 1-இல் அந்த இணைப்பு நடந்தது. அங்கெல்லாம் மறுத்தவர்கள் தோளோடு தோள் நின்று மறுத்தார்கள். தனியாக ஓர் அறையில் அடைத்து வைத்துக் கேட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வியாழன் மாலை

அந்த வாரம் அன்பியக் கூட்டம் நர்ஸக்கா வீட்டில். தேவாலயப் பங்கில் பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து, வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து ஜெபிக்கும் கூட்டம் அது. நர்ஸக்கா மறந்தே போயிருந்தார். பாய் விரிக்கலாம் என்று ஐந்தரை மணிக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண், கேட் பூட்டியிருப்பதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். ஃபோனில் இருந்தவன், உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பு என்றான். நர்ஸக்கா ஜன்னல் வழியே அப்படியே சொன்னார்.

அந்தப் பெண் போகவில்லை. “சொகமில்லேண்ணா நடையத் தெறங்க எக்கா, ஆட்டோ விளிச்சு ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார். அடுக்களைப் பக்கத்துச் சின்ன கேட் வழியாக உள்ளே வந்துவிட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்ந்திருந்த ஃபோனையும் அதிலிருந்த காக்கிச் சட்டையையும் பார்த்தார்.

“யாராக்கும் இது?”

“ஆபீசராக்கும், நீ பேசாத.”

ஃபோனில் இருந்தவன் இந்தியில் கத்தினான். அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. “ஆபீசர்னா நம்ம ஸ்டேஷன்ல வந்து பேசட்டு. நாம போய்க் கேட்டுட்டு வருவோம், வாங்க” என்று சொல்லி ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். அவர் பத்தாம் வகுப்பு படித்தவர். சைபர் குற்றம் பற்றி எதுவும் தெரியாது. அவர் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வரவில்லை, அவ்வளவுதான். கீழேயே நின்றவருக்கு அந்த ஏற்பாடு முழுவதும் அசட்டுத்தனமாகத் தெரிந்தது.

உடனே எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நர்ஸக்கா அந்தப் பெண் மேல் கோபப்பட்டார். “என்ன ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறியா?” என்று அழுதிருக்கிறார். ஃபோனை எடுக்கக் கை நீட்டியிருக்கிறார். அதற்குள் மற்ற பெண்களும் வந்துவிட்டார்கள். ஒருவர் மகளுக்கு ஃபோன் போட்டார். மகள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசினார். நர்ஸக்கா தானே ஏமாந்ததை ஒப்புக்கொள்ள அன்று ராத்திரி பத்து மணி ஆகியிருக்கிறது. நகை தப்பியது. புதன்கிழமை போன ஆறரை லட்சத்தில் ஒரு பகுதியை மட்டும் வழியில் முடக்க முடிந்திருக்கிறது. ஒரு நாளுக்கு மேல் கடந்துவிட்டதால் மீதி பல கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தது. முடக்கிய தொகையை விடுவிக்க நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் கென்டகி மாநிலத்தில் 2004 ஏப்ரலில் நடந்த ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒரு துரித உணவகத்துக்கு போலீஸ் என்று ஃபோன் செய்தவன் சொன்னதைக் கேட்டு, அங்கிருந்த பொறுப்பாளர் ஓர் இளம் ஊழியப் பெண்ணை அறையில் அடைத்து ஆடைகளைக் களைந்து சோதித்தார். மணிக்கணக்கில் அந்தக் கொடுமை நீண்டது. கடைசியில் பராமரிப்பு வேலை செய்யும் ஒருவரை அழைத்து ஃபோனைக் கையில் கொடுத்தார்கள். அவர் மறுத்தார். அதோடு எல்லாம் உடைந்தது. அவரும் படிகளில் ஏறி வராதவர்.

சட்டம் கேட்கும் சாட்சி

‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் இதையே சொன்னார். அதே ஆண்டில் வர்த்மான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலிடம், போலியான உச்ச நீதிமன்ற விசாரணையையே வீடியோவில் நடத்திக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்திருந்தார்கள். பெரிய தொழிலதிபருக்கே இந்தக் கதி என்று நான் சொன்னபோது நர்ஸக்காவின் முகம் முதல்முறையாகக் கொஞ்சம் தெளிந்தது.

உண்மையான கைது எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்திலும் இருக்கின்றன. கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, அதில் குடும்பத்தினர் ஒருவரோ அந்த வட்டாரத்தில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விதிவிலக்கான சூழ்நிலை தவிர, பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்யக் கூடாது. சட்டமே அறைக்குள் இன்னொரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. யாரிடமும் சொல்லாதே என்று தொடங்கியவன், முதல் வாக்கியத்திலேயே சட்டத்துக்கு எதிராகப் பேசிவிட்டான். நர்ஸக்காவுக்கு இதை விளக்கியபோது, “வார்டுல டெலிபோன் ஆர்டருக்கு ரெண்டு பேர் கேக்கணும்னு சொல்லுவோமே, அதே மாதிரியா?” என்று கேட்டார். அதே மாதிரிதான் என்றேன்.

இப்போது

தூக்கம் மெல்லத் திரும்புகிறது. ஃபோன் சத்தத்தோடு பயம் ஒட்டிக்கொண்டதால், முதலில் ஃபோனின் மணியை மாற்றினோம். அப்புறம் தெரிந்தவர்களை மட்டும் குறித்த நேரத்தில் அழைக்கச் சொல்லி, அந்தச் சத்தத்துக்கு வேறு நினைவுகளைப் பழக்கினோம். அவமானம்தான் அதிகம் அடம்பிடிக்கிறது. மகன் வாராவாரம் பேசும்போது ‘இனிமேலாவது’ என்று தொடங்கும் வாக்கியங்களை நிறுத்தச் சொன்னேன். அவரும் நிறுத்தியிருக்கிறார். நோட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று நர்ஸக்கா கேட்டார். காவல்துறை விசாரணைக்கு அது சாட்சி என்பதால் வேண்டாம் என்றேன். ஆனால் மகளிடம் கொடுத்து வைக்கச் சொன்னேன்.

குடும்பங்களுக்கு நான் இப்போது சொல்வது: தனியாக இருக்கும் பெற்றோரோடு, ‘யாராவது உங்களை ரகசியமாக இருக்கச் சொன்னால் முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும், என்ன வழக்கானாலும் நான் திட்ட மாட்டேன்’ என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்வதில் பயனில்லை. பக்கத்து வீட்டு எண் ஒன்றை நீங்களும் வைத்திருங்கள். அம்மா இரண்டு வேளை ஃபோனை எடுக்காவிட்டால் யாராவது போய் எட்டிப் பார்க்கட்டும்.

வங்கிக் கவுன்ட்டரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வயதானவர் ஒருவர் திடீரென்று வைப்புத் தொகையை முறிக்க வந்தால், எதற்கு என்று கேட்கிறீர்கள், நல்லது. ஆனால் அதற்கு விடை முன்பே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள்: ‘இப்போது உங்கள் ஃபோனில் யாராவது லைனில் இருக்கிறார்களா?’ கைப்பைக்குள் இருக்கும் காதுக்குக் கேட்காமல் அவர் தலையசைத்தால் போதும். மகளின் எண்ணை வாங்கி, உங்கள் ஃபோனிலிருந்து கூப்பிடுங்கள்.